கம்ப்யூட்டரில் ஒரு காவலூர் பயணம்: இருட்டான சனிக்கிழமையைத் தேடுவோம்

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, கேம்ஸும் அலுத்துவிட்டது. "இதை வைத்து வீட்டுக்கு என்ன பயன்?" என்ற கேள்வி வர ஆரம்பித்திருக்கும். வீட்டில் இருக்கும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு வேலையை இந்தப் பாடத்தில் எடுத்துக் கொள்வோம். கணவனும் மனைவியும் இரண்டு நாள் வெளியூர் போக வேண்டும். எங்கே, எப்போது, எவ்வளவு செலவில் என்பதைக் கம்ப்யூட்டரே நமக்குச் சொல்லட்டும்.

எங்கே போவது? புதிதாகத் திருமணமானவர்கள் இணையத்தில் தேடினால் கண்ணில் படுவது கடற்கரை ரிசார்ட்டுகள்தான். அதிலும் கரீபியன் கடலில் உள்ள அரூபா தீவின் படங்கள் மயக்கும். வெள்ளை மணல், நீலக் கடல், மரத்தடியில் இரண்டு நாற்காலிகள். விமானக் கட்டணத்தைப் பார்த்தவுடன் பிரவுசரை மூடிவிடுவோம்.

ஆனால் ஒரு தகவல். அரூபாவின் தலைநகரான ஓரன்யெஸ்டாட் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரி 31 நிமிடத்தில் இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் 12 டிகிரி 34 நிமிடத்தில் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. அதனால் அரூபாவின் கடற்கரையில் படுத்துப் பார்க்கும் அதே நட்சத்திரங்கள்தான் காவலூரிலும் தெரியும். ரிசார்ட்டுகளின் விளக்கு வெளிச்சம் இல்லாததால் காவலூரில் இன்னும் கூடுதலாகவே தெரியும். கடல் கிடைக்காது, வானம் கிடைக்கும்.

காவலூரில் என்ன இருக்கிறது?

இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு (1927-1982) தேர்ந்தெடுத்த இடம் இது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம், நகர வெளிச்சம் இல்லாத காடு, பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வட வானம், தென் வானம் இரண்டையும் பார்க்கும் வசதி என்று பல காரணங்கள். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரி 6 அன்று 2.3 மீட்டர் (93 அங்குலம்) தொலைநோக்கியை அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதற்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது.

1977 மார்ச் 10-11 இரவில் யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நிகழ்ச்சியை இங்கிருந்து கவனித்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி மங்கியது. விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றிச் சென்ற அமெரிக்கக் குழுவும் அதே இரவில் இதைப் பார்த்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இப்படித்தான் தெரியவந்தது.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது இங்குள்ள வழக்கம். வானம் தெளிவாக இருந்தால் மாலையில் ஒரு சிறிய தொலைநோக்கி வழியாகப் பார்க்கலாம். நேரம், நிபந்தனைகள் மாறக்கூடியவை. எனவே கிளம்பும் வாரத்தில் நிறுவனத்தின் இணைய தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆக, போக வேண்டிய நாள் சனிக்கிழமை. எந்தச் சனிக்கிழமை? அங்கேதான் கம்ப்யூட்டருக்கு வேலை. பௌர்ணமியன்று போனால் நிலா வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பதே அபூர்வம். அது வீணாகக் கூடாது.

பாடம் 1: இருட்டான சனிக்கிழமைகள்

எக்செல் இருந்தால் சரி. இல்லாதவர்கள் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து டவுன்லோடு செய்து, அதிலுள்ள கால்க் புரோகிராமைத் திறக்கவும்.

1. ஏ1 செல்லில் "சனிக்கிழமை" என்றும், பி1 செல்லில் "அமாவாசை" என்றும் டைப் செய்யவும்.

2. ஏ2 செல்லில் அடுத்து வரும் சனிக்கிழமையின் தேதியைக் கொடுக்கவும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், நடுவில் சிறு கோடு போட்டு டைப் செய்யுங்கள். இது முக்கியம். நாம் 5/4 என்று அடித்தால் ஏப்ரல் 5 என்று நினைப்போம். அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்ட கம்ப்யூட்டர் அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியும் வராது.

3. ஏ3 செல்லுக்கு வந்து = அடையாளத்தைத் தட்டவும். ஏ2 செல்லை மவுஸால் க்ளிக் செய்யவும். +7 என்று டைப் செய்து என்டர் தட்டவும். அடுத்த சனிக்கிழமை வந்துவிடும்.

4. மீண்டும் ஏ3 செல்லைத் தேர்ந்தெடுங்கள். அதன் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். மவுஸ் பட்டனை அழுத்தியபடி அதைக் கீழே இழுத்துச் செல்லுங்கள். 30 வரிசை வரை இழுத்தால் ஏழு மாத காலத்துச் சனிக்கிழமைகள் தயார்.

5. பி2 செல்லில், வீட்டிலுள்ள தினசரி காலண்டரைப் பார்த்து அடுத்த அமாவாசையின் தேதியைக் கொடுங்கள். பி3 செல்லில் அதே முறையில் பி2 உடன் 29.53-ஐக் கூட்டுங்கள். ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே சராசரியாக 29.53 நாட்கள். இதையும் கீழே ஏழு, எட்டு வரிசைகளுக்கு இழுங்கள்.

தேதிக்குப் பதிலாக ஐந்து இலக்க எண் ஒன்று வந்தால் பயப்பட வேண்டாம். எக்செல், கால்க் இரண்டுமே தேதியை உள்ளுக்குள் நாட்களின் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கின்றன. அந்தச் செல்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் க்ளிக் செய்து, பார்மேட் செல்ஸ் சென்று, டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். நம் +7 கணக்கு வேலை செய்ததும் இந்த எண்ணிக்கையால்தான்.

இனி எந்தச் சனிக்கிழமை நல்லது? பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்திலேயே நிலா உதித்துவிடும். அதன் பின் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். ஐந்து நாள் கழிந்தால் இரவு 10 மணிக்குத்தான் வரும். அதுவரை வானம் இருட்டு. அமாவாசைக்குப் பின் நாலாம் பிறை வரையும் தொல்லையில்லை. மெலிந்த பிறை சீக்கிரமே மறைந்துவிடும். எனவே அமாவாசைக்கு 9 நாள் முன்பிலிருந்து 4 நாள் பின்பு வரை உள்ள நாட்கள் மாலை வானத்துக்கு ஏற்றவை. முன்னே 9, அமாவாசை 1, பின்னே 4 என மொத்தம் 14 நாள். தொடர்ச்சியான 14 நாளில் எப்போதும் இரண்டு சனிக்கிழமைகள் வந்தே தீரும். ஆக ஒவ்வொரு அமாவாசைக்கும் நமக்கு இரண்டு வாய்ப்புகள். ஒன்றில் அலுவலக வேலை வந்தாலும் இன்னொன்று இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமைகளுக்கு மஞ்சள் வண்ணம் கொடுத்துவிடுங்கள். பின் மழை மாதங்களை அடியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரையும் மேகங்கள் அதிகம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குள் வரும் மஞ்சள் சனிக்கிழமைகளில் இருவருக்கும் லீவு கிடைக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பாடம் 2: போகும் முன்பே வானத்தைப் பார்ப்போம்

ஸ்டெல்லேரியம் என்பது வானத்தைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள். டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யவும். பழைய கம்ப்யூட்டர் என்றால், பிரவுசரிலேயே இயங்கும் ஸ்டெல்லேரியம் வெப் போதுமானது. கீழே உள்ள கீகள் இன்ஸ்டால் செய்த மென்பொருளுக்கு உரியவை.

1. எஃப்6 கீயை அழுத்தவும். இடத்தைக் குறிக்கும் விண்டோ வரும். லாட்டிட்யூட் என்பதில் வடக்கு 12 டிகிரி 34 நிமிடம், லாங்கிட்யூட் என்பதில் கிழக்கு 78 டிகிரி 50 நிமிடம் கொடுக்கவும். உயரம் 700 மீட்டர். பெயர் பெட்டியில் காவலூர் என்று எழுதவும். டைம் ஸோன் ஏசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால் நேரம் தவறாகக் காட்டும். பட்டியலில் சேர்க்கும் பட்டனை அழுத்தி இடத்தைப் பதிவு செய்யவும்.

2. எஃப்5 கீயை அழுத்தி, நீங்கள் தேர்ந்தெடுத்த சனிக்கிழமையின் தேதியையும் இரவு 9 மணி என்பதையும் கொடுக்கவும். அன்று காவலூரில் தெரியப்போகும் வானம் திரையில் விரியும்.

3. எஃப்3 கீயை அழுத்தினால் தேடும் பெட்டி வரும். மூன் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். திரையின் இடது மேல் பக்கத்தில் நிலா உதிக்கும் நேரம், மறையும் நேரம், எத்தனை சதவீதம் ஒளிர்கிறது என்பதெல்லாம் வரும். முதல் பாடத்தில் போட்ட கணக்கு சரியா என்று இங்கே சோதித்துவிடலாம்.

இனி ஒரு பயிற்சி. எஃப்6 சென்று, தேடும் இடத்தில் ஓரன்யெஸ்டாட் நகரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வடக்கு 12 டிகிரி 31 நிமிடம், மேற்கு 70 டிகிரி 2 நிமிடம் என்று நீங்களே கொடுங்கள். டைம் ஸோன் அமெரிக்கா/அரூபா. அதே தேதியில் இரவு 9.25 என்று நேரத்தை மாற்றுங்கள். காவலூரில் 9 மணிக்குப் பார்த்த நட்சத்திரங்கள் அப்படியே அந்தந்த இடத்தில் நிற்கும்!

அது என்ன 25 நிமிடம்? கடிகாரம் ஊருக்கு ஊர் தனித்தனியாக ஓடுவதில்லை. இந்தியா முழுவதற்கும் 82.5 டிகிரி கிழக்கு ரேகையின் நேரம். காவலூர் அதற்கு மேற்கே இருப்பதால் சூரிய நேரம் கடிகாரத்தைவிடச் சுமார் 15 நிமிடம் பின்தங்கியிருக்கும். அரூபாவில் அது சுமார் 40 நிமிடம். வித்தியாசம் 25. நட்சத்திரங்கள் சூரிய நேரத்தோடு போகின்றன, நாம் கடிகாரத்தோடு போகிறோம். நிலா மட்டும் கொஞ்சம் விலகியிருப்பதைக் கவனியுங்கள். அரூபாவில் அந்த நேரம் வருவதற்குள் நமக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் கழிந்திருக்கும். அதற்குள் நிலா ஐந்து டிகிரி போல நகர்ந்துவிடும்.

காவலூரில் எதைப் பார்ப்பது? கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. வடக்கே அடிவானத்திலிருந்து ஒன்றேகால் முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் இருக்கும். துருவத்தின் உயரமும் ஊரின் அட்சரேகையும் ஒன்றுதான். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் பளிச்சென்று தெரிவது அகத்தியர் நட்சத்திரம். ஏப்ரல் கடைசியில் இரவு 10 மணி வாக்கில் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை தெரியும். அதன் அடி நட்சத்திரம் ஒன்றரை முஷ்டி உயரம்தான் வரும். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மலையும் மரமும் மறைக்காத தெற்குப் பக்கமாக நின்று பாருங்கள்.

பாடம் 3: பணம் போதுமா?

கால்க்கில் கீழே உள்ள ஷீட் 2 டேப்பை க்ளிக் செய்யவும். இல்லையென்றால் அருகிலுள்ள + அடையாளத்தை அழுத்திப் புதிய ஷீட் ஒன்றைச் சேர்க்கவும். முதல் வரிசையில் விவரம், ஒன்றின் செலவு, எத்தனை, மொத்தம் என நான்கு தலைப்புகள் கொடுக்கவும். கீழே உள்ள எண்கள் பாடத்துக்கான மாதிரிதான். உங்கள் ஊர், உங்கள் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வரிசை 2: ரயில் டிக்கெட், 250, 4 (இரண்டு பேர், போக வர)
வரிசை 3: வாடகைக் கார், 2800, 2 நாள்
வரிசை 4: தங்கும் அறை, 2500, 1 இரவு
வரிசை 5: சாப்பாடு, 200, 10 (இரண்டு பேர், ஐந்து வேளை)
வரிசை 6: இதர செலவு, 500, 1

டி2 செல்லில் = தட்டி, பி2-ஐ க்ளிக் செய்து, * தட்டி, சி2-ஐ க்ளிக் செய்து என்டர் தட்டவும். 1000 என்று வரும். அதை டி6 வரை இழுக்கவும். டி7 செல்லுக்கு வந்து டூல்பாரில் சிக்மா அடையாளம் உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டினால் மொத்தம் 11,600.

டி8-ல் எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம்: = தட்டி, டி7-ஐ க்ளிக் செய்து, *10% என்று டைப் செய்யவும். விடை 1,160. டி9-ல் இரண்டையும் கூட்டவும்: 12,760. டி10-ல் கையில் உள்ள தொகை, 12,000 என்று வைத்துக்கொள்வோம். டி11-ல் டி10-லிருந்து டி9-ஐக் கழிக்கவும். விடை -760. பணம் பற்றவில்லை!

இங்கேதான் வீட்டில் விவாதம் ஆரம்பிக்கும். "சாப்பாட்டைக் குறைக்கலாம்" என்பார் ஒருவர், "கார் எதற்கு?" என்பார் இன்னொருவர். கம்ப்யூட்டரிடமே கேட்டுவிடுவோம். கால்க்கில் டூல்ஸ் மெனுவில் கோல் சீக் என்று இருக்கும். எக்செல்லில் டேட்டா பகுதியில் வாட் இஃப் அனாலிசிஸ் என்பதற்குள் இருக்கும். பார்முலா செல் என்பதில் டி11, டார்கெட் வேல்யூ என்பதில் 0, வேரியபிள் செல் என்பதில் பி4 கொடுத்து ஓகே அழுத்தவும். கையிருப்புக்குள் முடிய வேண்டுமானால் அறை வாடகை சுமார் 1,809 ரூபாய் வரை இருக்கலாம் என்று விடை வரும். 1,800 ரூபாய்க்கு அறை கிடைத்தால் 10 ரூபாய் மிச்சம். வேரியபிள் செல்லை பி3 என்று மாற்றினால் காருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லும். எதைக் குறைப்பது என்ற முடிவு மட்டும் உங்கள் இருவருடையது.

பயண வழி: சென்னை, பெங்களூரு இடையே செல்லும் ரயில்கள் பல ஜோலார்பேட்டையில் நிற்கின்றன. சாலை வழி என்றால் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர். தங்குவதற்கு ஏலகிரியில் விடுதிகள் அதிகம். மலைக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே புங்கனூர் ஏரி. ஞாயிறு பகலில் ஜமுனாமரத்தூர் பக்கம் போனால் பீமன் நீர்வீழ்ச்சி பார்க்கலாம்; ஜவ்வாது மலைச் சாமை அரிசியும் தேனும் வாங்கலாம். மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. எனவே மேப்பை முன்கூட்டியே பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் ஆஃப்லைன் மேப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

பாடம் 4: முன்பணம் கட்டும் முன்

இந்தப் பாடத்தில் கவனம் தவறினால் இழப்பது ஒரு இரவு வானத்தை அல்ல, மாதக் கணக்கில் சேர்த்த பணத்தை. எனவே நிதானமாகப் படியுங்கள்.

* தேடலில் முதலில் வருவது நல்ல தளம் என்று அர்த்தமல்ல. ஸ்பான்சர்ட் என்று போட்டிருந்தால் அது பணம் கொடுத்துப் போட்ட விளம்பரம்.

* முகவரிப் பட்டியில் பூட்டு அடையாளம் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். அந்தப் பக்கம் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. விடுதியின் பெயர் முகவரியில் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

* விடுதிக்குப் போன் செய்து, தேதி, வாடகை, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதைக் கேளுங்கள். "இன்னும் பத்து நிமிடத்தில் கட்டினால்தான் அறை" என்று அவசரப்படுத்தினால் வேறு விடுதி பாருங்கள்.

* யுபிஐ பின் எண் பணம் அனுப்புவதற்கு மட்டுமே. "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், பின் எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்குப் பின் எண்ணோ, கியூஆர் கோடை ஸ்கேன் செய்வதோ தேவையில்லை.

* ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

ரத்து செய்யும் வசதி உள்ள அறையாகவே பாருங்கள். நிலாவை ஆறு மாதம் முன்பே கணக்கிட்டுவிடலாம். மேகத்தை அப்படிக் கணக்கிட முடியாது. செலவு ஷீட்டில் ஈ பத்தியில் "முன்பணம்", எஃப் பத்தியில் "ரத்து செய்யக் கடைசி நாள்" என்று இரண்டு தலைப்புகளைச் சேர்த்துவிடுங்கள். அந்தக் கடைசி நாளன்று இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் முன்னறிவிப்பையும் செயற்கைக்கோள் படத்தையும் பாருங்கள். வட தமிழகம் முழுவதும் வெள்ளையாக இருந்தால், அடுத்த மஞ்சள் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் ஒரு சிறு பட்டியல்: ஸ்வெட்டர், தண்ணீர், டார்ச்சின் முன்னால் ஒட்ட சிவப்பு கண்ணாடித் தாள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் வரை ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். அதனால் செல்போன் திரையின் வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கும் அது இடைஞ்சல்.

இந்தப் பாடத்தில் நீங்கள் கற்றுக்கொண்டவை: தேதியைக் கூட்டுவது, பார்முலாவை இழுத்து நிரப்புவது, ஆட்டோசம், கோல் சீக், ஸ்டெல்லேரியத்தில் இடமும் நேரமும் மாற்றுவது. இதே ஷீட்டைக் குலதெய்வக் கோவில் பயணத்துக்கும், வளைகாப்புச் செலவுக்கும் பயன்படுத்தலாம்.

வீட்டுப் பயிற்சி: ஸ்டெல்லேரியத்தில் இடத்தைக் காவலூராக வைத்து, தேதியை 1977 மார்ச் 11, அதிகாலை 2 மணி என்று மாற்றுங்கள். எஃப்3 அழுத்தி யுரேனஸைத் தேடி, மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்குங்கள். அருகில் ஒரு மங்கலான நட்சத்திரம் நிற்கிறதா? எல் கீயைத் தட்டி நேரத்தை வேகமாக ஓடவிடுங்கள். அந்த இரவில் காவலூர் வானியலாளர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பது உங்கள் வீட்டுத் திரையிலேயே தெரியும்.